சர்க்கரை நோயாளிகளின் விழித்திரைப் பரிசோதனை: சின்ன கிளினிக்குக்கு எந்த வழி சரி?

சர்க்கரை நோய்க்குத் தொடர்ந்து வைத்தியம் பார்க்கிற சின்ன கிளினிக்குகளில் ரத்தச் சர்க்கரை, பிரஷர், சிறுநீரில் புரதம் எல்லாம் ஓரளவு ஒழுங்காகப் பார்க்கப்படுகின்றன, கண் மட்டும் வருஷக்கணக்கில் விட்டுப்போகிறது. காரணம் புதிர் ஒன்றும் இல்லை. கண்ணுக்கு வேறு டாக்டர், வேறு இடம், வேறு நாள். நோயாளியிடம் சொன்னால் "எனக்குப் பார்வை நல்லாத்தானே இருக்கு" என்பார், அதில் பொய்யும் கிடையாது. விழித்திரையில் புது ரத்தக் குழாய்கள் முளைத்து, எந்த நேரமும் கண்ணுக்குள் ரத்தம் கசியலாம் என்கிற கட்டத்தில்கூட ஒருவரால் எழுத்துப் பலகையின் கடைசி வரி வரைக்கும் படிக்க முடியும். பார்வை மங்கிய பிறகு வந்தால் வைத்தியம் உண்டு, ஆனால் போனதில் எவ்வளவு திரும்பும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

முன்கூட்டியே கண்டுபிடித்தால் என்ன கிடைக்கும் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. 1976லேயே அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, முற்றிய விழித்திரைப் பாதிப்புக்கு லேசர் வைத்தால் கடுமையான பார்வையிழப்பு பாதிக்கும் மேல் குறைகிறது என்று காட்டிவிட்டது. அதற்கு அப்புறம் மையப் பகுதியில் நீர் கோர்க்கும் பிரச்சினைக்கு, அதாவது மாக்குலா வீக்கத்துக்கு, கண்ணுக்குள் போடும் ஊசிகளும் வந்துவிட்டன. ஆக வைத்தியம் கையில் இருக்கிறது. அது தேவைப்படுகிற ஆளை நேரத்தோடு கண்டுபிடிப்பதில்தான் நாம் கோட்டை விடுகிறோம், அந்த ஆள் மாதாமாதம் நம் எதிரே உட்கார்ந்து மாத்திரைச் சீட்டு வாங்கிக்கொண்டு போகிறவர்.

ஒரு கிளினிக்குக்கு முன்னால் இருக்கிற வழிகள் நடைமுறையில் நான்குதான். எல்லோரையும் கண் டாக்டரிடம் அனுப்புவது. கிளினிக் டாக்டரே ஆப்தால்மோஸ்கோப், அதாவது கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் கைக்கருவி, எடுத்துப் பார்ப்பது. கிளினிக்கிலேயே கேமராவால் விழித்திரையைப் படம் எடுத்து, படத்தைப் படிக்கப் பயிற்சி பெற்றவர்களுக்கு அனுப்புவது. அதே படத்தைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளுக்குக் கொடுத்து அங்கேயே முடிவு வாங்குவது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிளினிக்கிலேயே படம் எடுப்பது என்பதில் இனி விவாதம் வேண்டாம். படத்தை மனிதர் படிக்கட்டுமா மென்பொருள் படிக்கட்டுமா என்பது அடுத்த கேள்வி, அதற்குப் பதில் இடத்துக்கு இடம் மாறும். இரண்டில் எதை எடுத்தாலும், படத்தில் கோளாறு தெரிந்த ஆளைக் கண் டாக்டரின் நாற்காலி வரை கொண்டு சேர்க்க ஒருவர் பொறுப்பேற்காவிட்டால் அந்தக் காசுக்கு நல்ல பிரஷர் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

முதல் வழியைப் பார்ப்போம். கண் டாக்டர் சொட்டு மருந்து போட்டு, பாப்பாவை, அதாவது கருவிழியின் நடுத் துளையை, விரித்து, ஸ்லிட் லாம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் உட்காரவைத்துப் பார்க்கிற பரிசோதனை தரத்தில் மிக உயர்ந்தது. விழித்திரையின் ஓரம் வரைக்கும் தெரியும், வீக்கம் இருந்தால் ஆழத்தோடு தெரியும், கூடவே கண்ணழுத்தம், கண்புரை எல்லாம் பார்த்துவிடுவார்கள். போகிறவருக்கு இதைவிட நல்லது கிடையாது. போகாதவர்கள்தான் பிரச்சினை. ஒரு நாள் வேலையை விடவேண்டும், சொட்டு மருந்து போட்டால் சில மணி நேரம் பக்கத்துப் பொருள் மங்கலாகவும் வெயில் கூசுவதாகவும் இருக்கும், வண்டி ஓட்டக் கூடாது, கூட ஒரு ஆள் வேண்டும். வலி இல்லாத, தொந்தரவு இல்லாத கண்ணுக்காக இவ்வளவையும் வருஷா வருஷம் செய் என்றால் பாதி பேர் தள்ளிப்போடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு பக்கம் கண் டாக்டரின் நேரம். ஒருமுறை பார்க்கிற சர்க்கரை நோயாளிகளில் பெரும்பாலோருக்கு உடனடியாக எந்தக் கண் வைத்தியமும் தேவைப்படாது. நல்ல கண்களைப் பார்த்து "ஒன்றும் இல்லை, அடுத்த வருஷம் வாங்க" என்று சொல்வதிலேயே அவர் நாள் போனால், லேசருக்குக் காத்திருப்பவர் வரிசையில் பின்னால் போகிறார்.

கிளினிக் பதிவேட்டில் "கண்ணுக்குக் கடிதம் கொடுக்கப்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். அடுத்த வருஷமும் அதே வரி. அதற்கு அடுத்த வருஷமும். போனாரா, பார்த்தார்களா, என்ன சொன்னார்கள் என்பதற்கான கட்டம் காலியாகவே இருக்கும். எந்தக் கிளினிக்கின் பழைய நோட்டை எடுத்துப் புரட்டினாலும் இதுதான் தெரியும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது வழியை நான் நேரடியாகவே வேண்டாம் என்பேன். ஆப்தால்மோஸ்கோப் நல்ல கருவிதான், ஆனால் அதன் வழியாக ஒரே பார்வையில் தெரிவது சுமார் 5 டிகிரி அகலம், விழித்திரையைப் படமெடுக்கிற சாதாரண ஃபண்டஸ் கேமரா ஒரே படத்தில் 45 டிகிரி எடுக்கிறது. சாவித்துவாரம் வழியாக ஒரு கூடத்தைப் பார்த்து மூலையில் என்ன கிடக்கிறது என்று சொல்கிற வேலை அது. அதுவும் விரிக்காத பாப்பா, வெளிச்சமான அறை, வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள் என்றால் சொல்லவே வேண்டாம். வீக்கத்தின் ஆழம் ஒற்றைக் கண்ணால் பார்த்தால் பிடிபடாது, ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள் தப்பிவிடும். பொது மருத்துவர்கள் இப்படிப் பார்க்கும்போது கணிசமானவர்கள் தவறவிடப்படுகிறார்கள் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. தவறவிடுவதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு: "கண் பார்த்தாச்சு, நார்மல்" என்று பதிவாகிவிடும், அப்புறம் நோயாளியும் நிம்மதியாகிவிடுவார், அடுத்த டாக்டரும் கேட்க மாட்டார். படம் எடுத்தால் குறைந்தபட்சம் ஆதாரம் இருக்கிறது, சந்தேகம் வந்தால் இன்னொருவர் பார்க்கலாம், போன வருஷத்துப் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

சரி, கேமரா. இதில் மனிதர் படிக்கும் முறைக்கு உலகத்தில் மிகப் பெரிய சாட்சி இங்கிலாந்து. 2003ல் தொடங்கிய தேசியத் திட்டம் 2008 வாக்கில் நாடு முழுக்கப் பரவியது. 12 வயதுக்கு மேற்பட்ட சர்க்கரை நோயாளி எல்லோரையும் பெயர் போட்டு அழைக்கிறார்கள், சொட்டு மருந்து போட்டு ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு படம் எடுக்கிறார்கள், ஒன்று மையப் பகுதியை நடுவில் வைத்து, மற்றொன்று பார்வை நரம்பை நடுவில் வைத்து. படங்களைப் பயிற்சி பெற்ற வாசிப்பாளர்கள் தரம் பிரிக்கிறார்கள், அவர்கள் டாக்டர்களாக இருக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. 2009-10 கணக்கை வைத்து 2014ல் வெளியான ஆய்வில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வேலை செய்யும் வயதினரின் பார்வையிழப்புக்கு முதல் காரணமாக ஐம்பது ஆண்டுகளில் முதல்முறையாகச் சர்க்கரை நோய் இல்லை என்று தெரியவந்தது. இதில் சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டதற்கும் பங்கு உண்டு, முழுப் பெருமையும் கேமராவுக்கு இல்லை. ஆனால் அந்தத் திட்டத்தில் நாம் கவனிக்கவேண்டியது கேமராவைவிடப் பட்டியல். யார் யாருக்குச் சர்க்கரை இருக்கிறது, யார் வரவில்லை, யாருக்குக் கோளாறு தெரிந்தும் இன்னும் கண் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

மனிதர் படிப்பதில் இன்னொரு லாபம், அவர் சர்க்கரைப் பாதிப்பை மட்டும் பார்ப்பதில்லை. பார்வை நரம்பின் குழி பெரிதாக இருந்தால் பார்வை நரம்பைக் கெடுக்கிற க்ளாக்கோமா நோயோ என்று எழுதுவார், மையத்தில் வயதுக் கோளாறு தெரிந்தால் அதையும் குறிப்பார். குறை என்னவென்றால் முடிவு வரத் தாமதம். நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார், முடிவு சில நாள் கழித்தோ சில வாரம் கழித்தோ வரும், அப்போது போன் எடுக்கமாட்டார், நம்பர் மாறியிருக்கும், அல்லது எடுத்து "சரி வர்றேன்" என்று சொல்லி வரமாட்டார்.

நான்காவது வழியின் பலம் சரியாக இந்த இடத்தில்தான் இருக்கிறது. 2018 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஐடிஎக்ஸ்-டிஆர் என்ற மென்பொருளுக்கு அனுமதி கொடுத்தது. கண் டாக்டர் யாரும் படத்தைப் பார்க்காமல், மென்பொருளே "அனுப்பு" அல்லது "12 மாதம் கழித்துப் பார்" என்று சொல்ல அனுமதி பெற்ற முதல் கருவி அது. அதற்கான ஆய்வு 10 பொது மருத்துவ இடங்களில் 900 பேரிடம் நடந்தது, படம் எடுத்தவர்கள் அனுபவசாலிகள் இல்லை, 4 மணி நேரப் பயிற்சி பெற்ற கிளினிக் ஊழியர்கள். பாதிப்பு உள்ளவர்களில் 87.2 சதவீதம் பேரைப் பிடித்தது, இல்லாதவர்களில் 90.7 சதவீதம் பேரைச் சரியாக இல்லை என்றது.

இந்த எண்களை அப்படியே விட்டால் ஒன்றும் புரியாது, ஒரு கிளினிக்கில் போட்டுப் பார்ப்போம். 1000 சர்க்கரை நோயாளிகள், அவர்களில் 100 பேருக்குக் கண் டாக்டர் பார்த்தே ஆகவேண்டிய பாதிப்பு என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் அந்த 100ல் 87 பேரைப் பிடிக்கும், 13 பேரைத் தவறவிடும். மீதி 900ல் சுமார் 84 பேரை வீணாக அனுப்பச் சொல்லும். மொத்தம் 171 பேர் கண் டாக்டரிடம் போவார்கள், அதில் பாதிக்குச் சற்று மேல் உண்மையாகவே தேவைப்படுகிறவர்கள். 1000 பேரையும் அனுப்புவதோடு ஒப்பிட்டால் கண் டாக்டருக்கு வேலை ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது. தவறவிட்ட 13 பேர்? அந்த மென்பொருள் தேடுவது ஆரம்பக் கட்டத்தைத் தாண்டிய எல்லாப் பாதிப்பையும், ஆகவே தப்புகிறவர்களில் பலர் நடுத்தர நிலையில் இருப்பவர்களாக இருக்க வாய்ப்பு அதிகம், அடுத்த வருஷம் தவறாமல் படம் எடுத்தால் பிடித்துவிடலாம். அடுத்த வருஷம் அவர் வரவேண்டும் என்பது அதற்குள் ஒளிந்திருக்கிற நிபந்தனை. முதல் வழியிலோ 1000 பேருக்கும் கடிதம் கொடுத்து பாதி பேர் போனால், பாதிப்பு உள்ள 100ல் 50 பேர் யார் கண்ணிலும் படாமல் இருப்பார்கள். கருவியின் துல்லியத்தில் நான்கு புள்ளி கூடக் குறைய இருப்பதைப் பற்றி வாதாடுகிறவர்கள் இந்த 50ஐக் கணக்கில் எடுப்பதே இல்லை, அது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

உடனடி முடிவு உண்மையில் ஆட்களைக் கொண்டுசேர்க்கிறதா என்று பார்த்த இரண்டு ஆய்வுகளைச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் 8 முதல் 21 வயது வரையிலான சர்க்கரை நோயாளிகளிடம் நடந்து 2024ல் வெளியான ஒன்றில், கிளினிக்கிலேயே மென்பொருள் பரிசோதனை செய்த குழுவில் எல்லோருக்கும் கண் பார்க்கப்பட்டது. வழக்கம்போலக் கண் டாக்டரிடம் அனுப்பிய குழுவில் ஆறு மாதத்தில் 22 சதவீதம் பேர்தான் போய்ப் பார்த்தார்கள். ஆனால் முதல் குழுவிலும், கோளாறு என்று தெரிந்தவர்களில் கண் டாக்டரிடம் போனவர்கள் 64 சதவீதம்தான். ருவாண்டாவில் நடந்து 2022ல் வெளியானதில், அனுப்பவேண்டியவர்களில் அன்றைக்கே முடிவு சொல்லப்பட்டவர்களில் 51.5 சதவீதம் பேர் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், சில நாள் கழித்துச் சொல்லப்பட்டவர்களில் 39.6 சதவீதம். ஆக உடனே சொல்வதில் பலன் தெளிவாக இருக்கிறது. அதே நேரத்தில், உடனே சொன்னாலும் ருவாண்டாவில் கிட்டத்தட்டப் பாதி பேர் போகவில்லை. கண்ணில் கோளாறு என்று திரையில் காட்டி, கையில் சீட்டையும் கொடுத்த பிறகு.

மென்பொருள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது என்பதற்கு தாய்லாந்து நல்ல பாடம். கூகுள் உருவாக்கிய மென்பொருளை அங்கே 11 கிளினிக்குகளில் வைத்துப் பார்த்தார்கள். ஆய்வுக்கூடத்தில் மிக நன்றாக வேலை செய்த அது, முதல் ஆறு மாதத்தில் கொடுத்த 1838 படங்களில் 21 சதவீதத்தைத் தரம் போதாது என்று திருப்பிவிட்டது. காரணம் பெரும்பாலும் வெளிச்சம். பல கிளினிக்குகளில் இருட்டாக்கக்கூடிய தனி அறையே இல்லை. இணையம் மெதுவாக இருந்ததால் வரிசை நின்றது, நர்சு கண்ணால் பார்த்து நன்றாக இருக்கிறது என்று நினைத்த படத்தையும் கருவி ஏற்கவில்லை. அப்புறம் 2021ல் அமெரிக்காவில் ஐந்து நிறுவனங்களின் ஏழு மென்பொருள்களை ஒரே படக் குவியலில் ஓட்டியபோது, பாதிப்பைப் பிடிக்கும் திறன் சுமார் 51 சதவீதத்திலிருந்து 86 சதவீதம் வரை சிதறிக் கிடந்தது. எனவே "மென்பொருள்" என்று பொதுவாகப் பேசுவதில் அர்த்தமே இல்லை. எந்த மென்பொருள், எந்தக் கேமராவோடு சோதிக்கப்பட்டது, யாருடைய கண்களில் சோதிக்கப்பட்டது என்று கேட்கவேண்டும். மேசைக் கேமராவில் அனுமதி வாங்கியதைக் கைக்கேமராவிலோ போனில் பொருத்திய லென்சிலோ ஓட்டினால் அந்தப் பழைய எண்கள் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

படம் எடுக்கிற வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எந்த விற்பனையாளரும் இதைச் சொல்வதில்லை. நோயாளியை இருட்டறையில் சில நிமிடம் உட்காரவைக்கவேண்டும், அப்போதுதான் பாப்பா தானாக விரியும். தாடையை மேடையில் வைத்து, நெற்றியைப் பட்டையோடு ஒட்டச் சொல்லி, பச்சைப் புள்ளியைப் பாருங்கள் என்கிறோம். பளிச்சென்று ஃபிளாஷ் அடித்ததும் இரண்டு கண்ணின் பாப்பாவும் சுருங்கிவிடும், அவசரத்தில் உடனே அடுத்த கண்ணை எடுத்தால் ஓரத்தில் பிறை மாதிரி சாம்பல் நிழல் விழுந்த படம்தான் கிடைக்கும். வயதானவர்களுக்கும், வெகுகாலமாகச் சர்க்கரை இருப்பவர்களுக்கும் பாப்பா எவ்வளவு இருட்டிலும் சின்னதாகவே இருக்கும், அவர்களுக்குச் சொட்டு மருந்து தேவை. கண்புரை இருந்தால் படம் முழுக்கப் பனி மூடியதுபோல வரும். இதில் ஒரு விதியை எழுதி ஒட்டிவிடுங்கள்: படம் தெளிவாக இல்லை என்றால் அதற்கு "நார்மல்" என்று பொருள் இல்லை, அந்த ஆளைக் கண் டாக்டரிடம் அனுப்பவேண்டும். படம் எடுக்க முடியாத கண்ணில்தான் பெரும்பாலும் ஏதோ ஒன்று இருக்கும். கூடவே எழுத்துப் பலகையில் பார்வையை அளந்து படத்தோடு அனுப்புங்கள், படம் சாதாரணமாகத் தெரிந்து பார்வை குறைந்திருந்தால் அதுவும் ஒரு தகவல்.

இனி எதைத் தேர்வது. ஓரளவு அருகில் படம் படிக்கும் மையம் இருந்து, முடிவு ஒரே வாரத்துக்குள் வரும் என்றால், வருகிறவர்கள் நிலையான முகவரியும் போனும் உள்ளவர்கள் என்றால், நான் மனிதர் படிக்கும் முறையையே எடுப்பேன். க்ளாக்கோமா போன்றவையும் அதில் பிடிபடுவது பெரிய விஷயம். வருகிறவர்கள் தொலைவிலிருந்து வருகிறார்கள், வேலைக்காக இடம் மாறுகிறார்கள், ஒருமுறை கதவைத் தாண்டிப் போனால் திரும்பப் பிடிக்க முடியாது என்றால் மென்பொருள்தான் சரி, ஆனால் அது "அனுப்பு" என்று சொன்ன படங்களையும் தெளிவில்லாத படங்களையும் ஒரு மனிதர் இரண்டாவதாகப் பார்க்கும் ஏற்பாட்டோடு. 171 பேரில் வீணாகப் போகிற 84 பேர் அங்கேயே குறைவார்கள். வருஷத்துக்குச் சில நூறு சர்க்கரை நோயாளிகளே வருகிற இடத்தில் கேமரா வாங்கி மூலையில் வைப்பதற்குப் பதில், நாலைந்து கிளினிக்குகள் சேர்ந்து ஒரே கேமராவையும் படம் எடுக்கத் தெரிந்த ஒரே ஆளையும் முறைவைத்துச் சுற்றவிடுவது நல்லது. தினமும் எடுக்கிற கைக்குத்தான் படம் நன்றாக வரும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதும் இந்தத் தேர்வில் சேர்ந்ததே. வருஷத்துக்கு ஒருமுறை என்பதுதான் பழைய பொது விதி. ஐஸ்லாந்தில் பாதிப்பே இல்லாதவர்களை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பார்த்து வந்தார்கள், இங்கிலாந்தும் 2023லிருந்து, தொடர்ந்து இரண்டு முறை எந்தப் பாதிப்பும் தெரியாதவர்களை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைக்கு மாற்றியது. இது நல்ல யோசனைதான், மிச்சமாகிற நேரத்தை ஆபத்தில் இருப்பவர்களுக்குக் கொடுக்கலாம். ஆனால் ஒழுங்கான அழைப்புப் பட்டியல் இல்லாத இடத்தில் இரண்டு வருஷம் என்று சொன்னால் அது நான்கு வருஷமாகிவிடும், அப்படிப்பட்ட கிளினிக் வருஷத்துக்கு ஒருமுறையிலேயே இருக்கட்டும். டைப் 2 என்றால் நோய் தெரிந்த உடனேயே முதல் படம் எடுக்கவேண்டும், ஏனென்றால் தெரியவருவதற்குப் பல வருஷம் முன்பே அது தொடங்கியிருக்கலாம். டைப் 1ல் ஐந்து வருஷத்துக்குள் தொடங்கினால் போதும்.

சிலரைக் கேமரா வரிசையிலேயே நிறுத்தக் கூடாது. திடீரென்று பார்வை மங்கியவர், கண் முன்னால் கருப்புப் புள்ளியோ நூலோ மிதக்கிறது என்கிறவர், ஏற்கனவே கண்ணில் லேசரோ ஊசியோ போட்டுக்கொண்டவர், சர்க்கரை நோயோடு கர்ப்பமானவர், இவர்கள் நேராகக் கண் டாக்டரிடம் போகட்டும். ஐடிஎக்ஸ்-டிஆர் அனுமதியே இத்தகையவர்களை வெளியே வைத்துத்தான் கொடுக்கப்பட்டது. வெகுநாள் உயர்ந்து கிடந்த சர்க்கரையை இன்சுலினோ புது ஊசியோ கொண்டு வேகமாக இறக்கப்போகிறோம் என்றால், ஏற்கனவே பாதிப்பு உள்ள கண்ணில் அது தற்காலிகமாக மோசமாகலாம் என்பது தெரிந்த விஷயம், ஆகவே இறக்குவதற்கு முன்பே ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

கேமராவுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலையை முடியுங்கள். பதிவேட்டில் இரண்டு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: கோளாறு என்று தெரிந்த தேதி, கண் டாக்டர் பார்த்த தேதி. இரண்டாவது கட்டம் காலியாக இருக்கிற பெயர்களை வாராவாரம் கூப்பிட்டுப் பேசவேண்டிய ஊழியர் யார் என்று பெயர் எழுதுங்கள், அதற்கு அவருக்கு நேரமும் ஒதுக்குங்கள். அடுத்த வருஷம் கணக்குப் பார்க்கும்போது எத்தனை பேரைப் படம் எடுத்தோம் என்று கூட்டவேண்டாம். படத்தில் கோளாறு தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு இரண்டாவது கட்டம் நிரம்பியது, நிரம்ப எத்தனை நாள் ஆனது என்று பாருங்கள். அந்த எண் மோசமாக இருந்தால் கேமராவையோ மென்பொருளையோ மாற்றுவதில் பலன் இருக்காது, போன் செய்கிறவருக்கு இன்னும் ஒரு நாள் நேரம் கொடுங்கள்.